செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26: முதல் மானியத்துக்கும் அடுத்ததற்கும் இடையில்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், சனிக்கிழமை மாலை நெரிசலைக் கடந்து பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் சக தொழில்முனைவோருக்கும் வணக்கம். நம் சங்கத்தின் 2025-26ஆம் ஆண்டு அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அரங்க வாடகை உயர்ந்துவிட்டதால், ஆண்டின் பிற்பாதியில் உறுப்பினர் ஒருவரின் பீன்யா பட்டறை மாடியில் கூட்டங்களை நடத்தினோம்; கீழே லேத் ஓடும்போது குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்ததைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை. சென்ற பொதுக்குழு நமக்கு இட்ட முதன்மைப் பணி, அரசின் ஆராய்ச்சி மானியத்தை ஒருமுறை பெற்று முடித்த உறுப்பினர்கள் அடுத்த கட்ட நிதியைப் பெற முடியாமல் நின்றுபோவது ஏன் என்று கண்டறிந்து இயன்றதைச் செய்வதாகும். இவ்வறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்த, சிறு நிறுவனங்களுக்கு ஆராய்ச்சி நிதி தரும் எஸ்பிஐஆர் திட்டம் ஒரே படிக்கட்டு போன்றது. பொதுவாக, முதல் கட்டத்தை முடித்தவர்கள்தாம் இரண்டாம் கட்டத்துக்குப் போட்டியிடுகிறார்கள். இங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணியிருந்தோம். உயிரித் தொழில்நுட்பத் துறை 2005இல் எஸ்பிஐஆர்ஐ என ஏறத்தாழ அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது உண்மைதான். ஆனால், 50 லட்சம் ரூபாய் வரை 18 மாதங்களுக்குத் தரப்படும், அதே துறையின் கீழ் இயங்கும் பைராக் அமைப்பின் பிக் எனும் தொடக்க நிலை மானியத்தை நல்லபடியாக முடித்தவருக்கு எஸ்பிஐஆர்ஐயில் தனி இடம் எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. அவர் புதிதாக விண்ணப்பித்து, வேறொரு குழுவின் முன் முதலிலிருந்து நிற்க வேண்டும். பிக் மானியத்துக்குத் தனி நபரும் விண்ணப்பிக்கலாம். எஸ்பிஐஆர்ஐக்கோ பெரும்பான்மைப் பங்குகள் இந்தியர் கையில் உள்ள நிறுவனமாக இருப்பதோடு, டிஎஸ்ஐஆர் எனும் மத்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சித் துறையின் அங்கீகாரம் பெற்ற சொந்த ஆய்வுக்கூடத்தையோ, புதிய நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் இன்குபேட்டரில் ஓர் இடத்தையோ காட்டியாக வேண்டும். மானியம் முடிந்த பிறகு டிஎஸ்ஐஆர் அங்கீகாரத்துக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் நம்மிலேயே உண்டு.

எந்த மானியத்தை முதலில் வாங்குவது என்ற கேள்வியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததே இல்லை. 2021 ஏப்ரலில் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் விதிப்படி, வேறு மத்திய, மாநில அரசுத் திட்டங்களில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் பண உதவி பெற்ற நிறுவனத்துக்கு அதில் தகுதி இல்லை. போட்டிகளில் வென்ற பரிசுத் தொகை இந்தக் கணக்கில் சேராது. நிறுவனம் பதிவாகி 2 ஆண்டுகளைத் தாண்டியிருக்கவும் கூடாது. கர்நாடக அரசின் எலிவேட் திட்டத்தில் 50 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறதே என்று அதை முதலில் வாங்கியவருக்கு இந்தக் கதவு சாத்திக்கொள்ளும். 10 லட்சம் ரூபாய் வரை தரும், மத்திய அரசின் ‘நிதி பிரயாஸ்’ திட்டத்தில் தொடங்கியவருக்கோ திறந்தே இருக்கும். பாதுகாப்பு அமைச்சகத்தின் புத்தாக்கத் திட்டமான ஐடெக்ஸில் 1.5 கோடி ரூபாய் வரை உண்டு என்று கேள்விப்பட்டு உற்சாகமடைந்த உறுப்பினர்கள் சிலர், நிறுவனமும் தன் பங்குக்குப் பணம் போட வேண்டும் என்பதைப் படிவத்தை நிரப்பும்போதுதான் பார்த்தார்கள். ஆகவே புதிய உறுப்பினர்கள் எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்திடும் முன் செயற்குழுவில் ஒருவரிடமாவது பேசிவிடுமாறு ஜூலைக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டோம்.

ஆயினும், இவ்வாண்டில் எங்களுக்கு மிகுதியான வேலை வைத்தது கணக்குதான். மானியக் கணக்கு உதவி நாள் என்று மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் நம் ஆடிட்டர் உறுப்பினரை அமர்த்தி, பழைய கோப்புகளைப் பார்க்கத் தொடங்கினோம். முதல் நாளிலேயே ஓர் உறுப்பினர் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமீது கவிழ்த்தார். அதில் இருந்தவை எஸ்.பி. ரோட்டில் வாங்கிய ரெசிஸ்டர், சென்சார், சர்க்யூட் போர்டுகளுக்கான பில்கள். வெப்பத் தாளில் அச்சடித்தவை ஆதலால், ஓராண்டுக்குள் எழுத்து மங்கிப் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தன. ஆடிட்டர் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையின் பெயர் தெரிந்தது, தொகை தெரியவில்லை. பொருள் வாங்கியது உண்மை, முன்மாதிரியும் ஓடுகிறது. ஆனால் படிக்க முடியாத பில்லைக் கொண்டு, மானியம் உரிய வழியில் செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தர முடியாது என்றார் அவர். பழைய சான்றிதழ் பாக்கி இருக்கும் நிறுவனத்தின் புதிய விண்ணப்பம் மேசையைத் தாண்டுவதே கடினம். பில் வாங்கிய அன்றே நகலெடுக்க வேண்டும் என்ற அறிவிப்பை அன்று மாலையே பட்டறைச் சுவரில் ஒட்டினோம்.

வட்டிதான் அடுத்த இடறல். 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, மானியப் பணம் வங்கியில் ஈட்டிய வட்டியை இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும். அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க விதியில் இடமில்லை. தனிக் கணக்கு தொடங்காமல் மானியத்தை நடப்புக் கணக்கிலேயே கலந்துவிட்ட இருவருக்கு, எது அரசுப் பணம், எது வாடிக்கையாளர் தந்த முன்பணம் என்று பிரித்தெடுக்க ஆடிட்டரோடு பல மாலைகள் உட்கார வேண்டியதாயிற்று. உபகரணத் தலைப்பில் மிஞ்சியதைச் சம்பளத்துக்குச் செலவிட்டுவிட்டுப் பிறகு அனுமதி கேட்டவரின் கதையை அவர் விருப்பப்படி இங்கே விரிக்கவில்லை.

செப்டம்பர் முதல் மாதிரி நேர்காணல்களும் நடத்தினோம். மதிப்பீட்டுக் குழுக்களில் பல காலம் அமர்ந்து ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எதிரில் உட்கார, விண்ணப்பிப்பவர் தம் திட்டத்தை விளக்குவார். ராமநகரப் பட்டு நூற்புக் கூடங்களுக்காக ஈரப்பத உணரி ஒன்றைச் செய்திருக்கும் இளைஞர், ஐந்து கூடங்களில் சோதிப்பதாக முதல் மானியத்தில் வாக்களித்து மூன்றில்தான் முடித்திருந்தார். ‘களச்சோதனை ஏறத்தாழ நிறைவு’ என்று திரையில் காட்டினார். “தம்பி, மிச்சம் ரெண்டு கூடம் என்ன ஆச்சு?” என்றார் பெரியவர். கொதிகலன் அருகே நீராவி படிந்து உணரியின் அளவீடு தவறியதால் அங்கே நிறுத்திவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார் இளைஞர். “அதைத்தானய்யா முதல் பக்கத்துல எழுதணும். ரெண்டாவது பணம் எதுக்குக் கேக்குறே? அந்த நீராவியைச் சமாளிக்கத்தானே?” என்றதும் அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. விண்ணப்பம் அந்த இரண்டு கூடங்களைச் சுற்றியே மாற்றி எழுதப்பட்டு ஜனவரியில் அனுப்பப்பட்டிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.

முதல் மானியத்தின் கடைசித் தவணைக்கும் அடுத்த நிதிக்கும் இடைப்பட்ட மாதங்களில் பொறியாளர்களுக்குச் சம்பளம் தர, சங்கமே கைமாற்று நிதி ஒன்றை வைக்கலாம் என்ற யோசனையை நான்தான் முன்மொழிந்தேன். கடன் கொடுக்க நம் துணைவிதிகளில் இடமில்லை என்று பொருளாளர் எடுத்துக்காட்டினார், அது சரியே. மாறாக, அளவீட்டுக் கருவிகளையும், வேலை குறைந்த மாதங்களில் ஆட்களையும் உறுப்பினர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு பிப்ரவரியில் தொடங்கியது. 5 விழுக்காடு தனிவட்டியில் திட்டச் செலவில் பாதி வரை தரும் தொழில்நுட்ப மேம்பாட்டு வாரியமும், மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் ஒப்புதல் அளித்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆர்டிஐ எனும் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டமும் பற்றிப் பலர் கேட்டார்கள். முன்னது திருப்பிக் கட்ட வேண்டிய கடன். பின்னது நிதி மேலாளர்கள் வழியாகக் கடனாகவோ பங்கு முதலீடாகவோ வருவது. இரண்டையும் மானியம் என்று எண்ணி விண்ணப்பிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

டிஎஸ்ஐஆர் அங்கீகாரம் குறித்த பயிலரங்கை நவம்பரில் நடத்துவதாகச் சொல்லியும் நடத்தவில்லை. அதற்கு நானே பொறுப்பு. வரும் ஜூனில் அது நடைபெறும். கணக்கு உதவி நாள் தொடர்கிறது. அடுத்த அமர்வுக்கு வருவோர் மானிய ஆணை, வங்கி அறிக்கை, பில் நகல்கள் ஆகிய மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பட்டறை அலுவலகத்தில் கொடுத்துவிடும்படி ஆடிட்டர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இங்ஙனம்,
செயலாளர்
பெங்களூரு