டோனி ஃபெர்னாண்டஸை எங்களிடம் சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

2020 பெப்ரவரியில், 57 வயதில், எங்கள் புளூ ஜேய்ஸ் பேஸ்போல் கழகத்தின் டோனி சிறுநீரக நோயால் காலமானபோது பலரும் அவரைப் புகழ்ந்து எழுதினார்கள். அவரை ஆளாக்கிய உங்களுக்கு ரொறன்ரோ ரசிகன் என்ற உரிமையில் நான் நன்றி சொல்ல வேண்டும்.

முதலில் சான் பெட்ரோ டி மக்கோரிஸ் ஊரவர்களுக்கு. டொமினிக்கன் குடியரசின் அந்தக் கரும்பாலை ஊரில், டெட்டெலோ வார்காஸ் மைதானத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பையனை எடுபிடி வேலைக்குச் சேர்த்து, விளையாடவும் விட்டீர்களே!

கழகத்துக்காக இளம் வீரர்களைத் தேடிக் கண்டுபிடித்த எப்பி குரேரோ ஐயா, நீங்களும் இப்போது இல்லை. நொண்டுகிற பையன் என்று மற்றக் கழகத்தார் ஒதுங்கியபோது, முழங்காலுக்கு ஒப்பரேசன் செய்விக்க ஏற்பாடு செய்தவர் நீங்கள். 1979இல் புளூ ஜேய்ஸுக்கு ஒப்பந்தமும் செய்தீர்கள். பிறகு அந்தக் கால் செய்ததை நாங்கள் பார்த்தோம். மூன்றாம் பேஸ் பக்கம் விலகிப்போகும் பந்தை எட்டிப் பிடிப்பார். காலூன்ற நேரமிருக்காது. எழும்பியபடியே தோளுக்குக் கீழால் ஒரு வீச்சு. பந்து முதலாம் பேஸில் நிற்கும். 1986 முதல் 1989 வரை சிறந்த களத்தடுப்புக்கான நான்கு தங்கக் கையுறை விருதுகள் சும்மா வரவில்லை.

அல்ஃபிரெடோ கிரிஃபின், உங்களை வேறு கழகத்துக்கு மாற்றியதால்தான் ஷோர்ட்ஸ்டொப் இடம், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் இடம், டோனிக்குக் கிடைத்தது. 1985இல் 161 ஆட்டமும் ஆடினார். இடத்தைக் காலி பண்ணியதற்கும் நன்றி சொல்லலாம்தானே?

புளூ ஜேய்ஸின் பொது முகாமையாளராக இருந்த பற் கிலிக் ஐயாவுக்கு அரை நன்றி. 1990இல் டோனியை சான் டியாகோ கழகத்துக்குக் கொடுத்தபோது வயிறெரிந்தது. கைமாறாக வந்த ஜோ கார்ட்டரும் அலோமரும் கிண்ணங்களை வென்று தந்ததால் வாயை மூடிக்கொண்டோம். 1993இல் டோனியைத் திரும்ப அழைத்தீர்கள், மிச்ச அரை நன்றியும் உங்களுக்கே. அந்த ஆண்டின் உலகத் தொடர் என்ற இறுதிச் சுற்றில் 9 ஓட்டங்களுக்கு அவர் துடுப்பு வழிசெய்தது. அதில் 5, பிலடெல்பியாவை 15-14 என்று வென்ற ஆட்டத்தில். தொடரை வென்று தந்த கார்ட்டரின் கடைசி அடியைத்தான் ஊர் இன்றும் பேசுகிறது, அது வேறு கதை.

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்போல் புகழ்மண்டபத்துக்கு வீரர்களைத் தெரியும் வாக்காளர்களுக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை. 2,276 ஹிட் அடித்த மனிதருக்கு 2007இல் வெறும் 4 வாக்கு! வாக்களித்த அந்த 4 பேரும் யாரென்று தெரியாது. அவர்களுக்கு மட்டும் என் கும்பிடு.

இப்படிக்கு,
ரொறன்ரோவிலிருந்து ஒரு புளூ ஜேய்ஸ் ரசிகன்