பழைய கேமரா பேத்திக்கு வருகிறது

பாளையங்கோட்டை,
கார்த்திகை, ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

பெட்டியைப் பிரித்ததும் நீ 2009-இல் வாங்கித் தந்த கேமராவைப் பார்த்து மனம் சுணங்காதே. வேண்டாம் என்று திருப்பி அனுப்பவில்லை. அதற்கு அடுத்த ஆள் வளர்ந்துவிட்டாள், அதனால் அனுப்புகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், நான் இப்போது வைத்திருக்கிற பெரிய கேமராவைப் பற்றிப் போன வாரம் நீ மறுபடியும் கேட்டதற்குப் பதில். "போன்லயே நல்லா விழுது, இந்த வயசுல அரைக் கிலோ கேமராவை எதுக்கும்மா கழுத்துல மாட்டிக்கிட்டு அலையுத?" என்றாய். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. காரணமே அவர்தான்.

போன வருடம் ஐப்பசி அடைமழையில், வெளியே போக வழியில்லாமல், பழைய படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் வருடவாரியாகப் பிரித்து வைத்தேன். நாலாயிரத்துக்கும் மேல் இருந்தது. அதில் அப்பா சிரிக்கிற படம் இரண்டுதான். வாசலில் போகிற கீரைக்காரம்மாவிடம்கூடச் சிரிக்காமல் பேசத் தெரியாத மனுஷர், என் படங்களில் எல்லாம் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துப்போய் இருக்கிறார். பார்க்கப் பார்க்க எனக்கு ஆறவில்லை.

ஏன் அப்படி என்று யோசித்தால், அந்தப் பழைய கேமரா வேலை செய்யும் விதம் அப்படி. வீட்டுக்குள் வெளிச்சம் குறைந்தால், பட்டனை அழுத்தியதும் முன்னால் ஒரு சின்ன விளக்கு எரியும். அப்புறம் லென்ஸ் முன்னும் பின்னும் நகர்ந்து, எந்த இடத்தில் நிறுத்தினால் படம் தெளிவாக இருக்கும் என்று தேடும். தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் படம் விழும். விளக்கைப் பார்த்ததுமே அப்பா சட்டையை இழுத்து விட்டுக்கொள்வார், சிரிப்பு போய்விடும். உன் மகளுக்குக் காது குத்தினபோது நடந்ததும் அதுதான். ஆசாரி கையை எடுத்ததும் பிள்ளை வீரிட்டது. அப்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சரியாகத்தான் அழுத்தினேன். விழுந்த படத்தில் இருப்பது அவருடைய முதுகு.

போன் வேகமாக எடுக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போனில் இருக்கிற முக்கிய லென்ஸ் அகலமாகப் பார்க்கிற லென்ஸ். முகம் பெரிதாக விழ வேண்டும் என்றால் மூக்குக்கு முன்னால் கொண்டுபோய் நீட்ட வேண்டும். நீட்டினால் அவர் மறுபடியும் விறைத்துவிடுவார்.

தை மாதம்தான் இந்த நிகான் டி5300 கைக்கு வந்தது. டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா. கல்யாணப் படம் எடுக்கிற ஒரு தம்பி அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறினார், அவரிடமிருந்து 18-55 மி.மீ. லென்ஸோடு வாங்கினேன். அந்த எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். என் பென்ஷன் பணம்தான், இருபத்திரண்டாயிரம். கேனானும் நிகானும் புது டிஎஸ்எல்ஆர் வெளியிட்டுச் சில வருடமாகிறது, எல்லோரும் மிரர்லெஸ் பக்கம் போகிறார்கள். அதனால் நல்ல நிலையில் இருப்பதே இப்படி விலை இறங்கிக் கிடைக்கிறது. ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடுகிற கதவு, இதுவரை எத்தனை முறை திறந்து மூடியிருக்கிறது என்பது ஒவ்வொரு படத்தின் ஃபைலிலும் பதிந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.

எட்டாம் வகுப்பில் ஊதுபத்தி அட்டையை மடித்து, இரண்டு கண்ணாடித் துண்டு ஒட்டி, பெரிஸ்கோப் செய்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மதில் மேல் நீட்டிப் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இந்தக் கேமராவுக்குள் இருப்பதும் அந்த வித்தைதான். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சத்தைச் சாய்ந்து நிற்கிற ஒரு கண்ணாடி மேலே திருப்புகிறது. மேலே இருக்கிற கண்ணாடிகள் அதை நேராக்கி உன் கண்ணுக்கு அனுப்புகின்றன. நடுவில் எலக்ட்ரானிக் திரை கிடையாது, அதனால் தாமதமும் கிடையாது. வெளிச்சத்தில் ஒரு பங்கு கீழே தனியாக இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போகிறது. லென்ஸ் எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்று அது ஒரே பார்வையில் கணக்குப் போட்டுவிடுகிறது. தேடித் திரிகிற வேலை இல்லை. பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், ஷட்டர் திறந்து மூடும், டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இதில் ஒன்று என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. கண்ணாடி தூக்கிக்கொள்கிற அந்தக் கண நேரம், கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இருட்டாகிவிடும். நாம் படமாக எடுக்கிற அந்த நொடியை நாம் பார்ப்பதே இல்லை. அதற்கு முந்தியதைப் பார்க்கிறோம், பிந்தியதைப் பார்க்கிறோம். அப்பா சிரிக்கப் போகிறார் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நாற்பத்தாறு வருடமாகத் தெரியும் அல்லவா, அதனால் எனக்கு அது வருகிறது.

முதல் மாதம் மட்டும் கஷ்டமாக இருந்தது. பழைய கேமராவில் படம் சுமாராக இருந்தாலும் கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே அளவு தெளிவாக விழும். அதன் சென்சார், அதாவது படம் பதிகிற சில்லு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இதில் இருப்பது 23.5-க்கு 15.6 மி.மீ., கிட்டத்தட்டச் சாதாரணத் தபால் தலை அளவு. பரப்பில் பதின்மூன்று மடங்கு. அதனால்தான் கூடத்து ட்யூப் லைட்டில், வெளிச்சத்தை உணர்கிற அளவான ஐஎஸ்ஓ-வை 1600 வைத்தாலும் புள்ளி புள்ளியாகச் சிதறாமல், தோல் தோலாகத் தெரிகிறது. ஆனால் சென்சார் பெரிதானால் தெளிவாக விழுகிற ஆழம் குறைந்துவிடும். அப்பாவின் மூக்கு நுனி தெளிவாகவும் கண் கலங்கலாகவும் எத்தனையோ படம் எடுத்தேன். கேமராவே எல்லா இடத்தையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விடாமல், ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளியை எடுத்து அவர் கண்ணில் வைக்கப் பழகின பிறகுதான் சரியாயிற்று.

அப்புறம் மாமா ஒரு பொருள் தந்தான். அவன் ஃபிலிம் கேமராவில் போட்டிருந்த 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8. இந்த எஃப் எண் சின்னதானால் வெளிச்சம் அதிகமாக உள்ளே வரும். ட்ரங்குப் பெட்டியில் வருடக் கணக்காகக் கிடந்தது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், பூஞ்சை வலை ஒன்றும் இல்லை. நிகான் 1959-இல் வைத்த அதே வளைய அமைப்புதான் இன்றைக்கும் இதில் இருக்கிறது, அதனால் அப்படியே பொருந்திவிட்டது. ஒரே குறை, இந்த கேமராவின் உடம்புக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை, இந்த மாதிரிப் பழைய லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். சரியான இடம் வந்ததும் வியூஃபைண்டரின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி நிலையாக எரியும். இதில் 50 என்பது 75 மாதிரி நெருக்கமாகக் காட்டும், கூடத்தின் இந்தக் கோடியிலிருந்தே முகம் கிடைக்கும். கூட வந்த 18-55-ஐ 55-இல் வைத்தால் எஃப் 5.6 தான். அதைவிட இது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஃப்ளாஷ் வேண்டாம், விளக்கு எரிய வேண்டாம். அப்பா திண்ணையில் பேப்பர் படிக்கிறார், நான் உள்ளே அரிவாள்மணைக்குப் பக்கத்தில் கேமராவை வைத்துக்கொண்டு காய் நறுக்குகிறேன். அவர் சிரிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் எடுத்துவிடுகிறேன். தையிலிருந்து இன்றைக்குள் சிரிக்கிற படம் முப்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. வரும் பங்குனியில் அவருக்கு எழுபத்தைந்து முடிகிறது.

மாசியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கும் போய்வந்தோம். அங்கே நாரைகள் குளத்தில் மட்டுமா இருக்கின்றன, தெருவில், வீட்டு முற்றத்து மரத்தில் எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகவே நினைக்கிறார்கள். அதனால் மஞ்சள் மூக்கு நாரை எனக்கு 55-லேயே நன்றாக விழுந்தது. ஆனால் நடுத்தண்ணீரில் இருந்த வரித்தலை வாத்துகள் எறும்பு மாதிரிதான் தெரிந்தன. இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற வாத்துகள் அவை. நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டி நடத்தியவை. அவற்றின் தலையில் இருக்கிற இரண்டு கறுப்புப் பட்டைகளை என் படத்தில் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அதனால், பிறந்தநாளுக்குப் புது மிரர்லெஸ் அனுப்புகிறேன் என்றாயே, அது வேண்டாம்மா. எனக்கு இந்தக் கேமராவே போதும். செய்ய வேண்டும் என்று தோன்றினால் பழைய 70-300 லென்ஸ் ஒன்று பார். மேலே ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்க வேண்டும், அப்படி இருந்தால் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும். வாங்குவதற்கு முன் என்னைக் கேட்டுவிடு. மழைக்காலத்துக்குக் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் நானே வாங்கி வைத்துவிட்டேன்.

இனி பெட்டியில் இருப்பது. பேத்தி மே மாதம் வந்திருந்தபோது என் கேமராவைத் தூக்க முடியாமல் தூக்கி, "ஆச்சி, எனக்கு?" என்று கேட்டாள். பழையது அவள் கைக்கு அளவாக இருக்கும். பென்சில் செல் இரண்டு போட வேண்டும், சார்ஜ் செய்கிற வகையாகவே வாங்கு. பட்டனைப் பாதி அழுத்தி நிறுத்திக் காத்திருந்து, அப்புறம் முழுவதும் அழுத்தச் சொல்லிக் கொடு. தாமதம் நன்றாகக் குறையும். எனக்கு அது தெரியவே நாலு வருடம் ஆயிற்று. அவள் செருப்பைப் படம் எடுப்பாள், மின்விசிறியைப் படம் எடுப்பாள், எதையும் நீ அழித்துவிடாதே.

கார்டில் ஒரே ஒரு படம் வைத்திருக்கிறேன். நீ முதன்முதலாகப் புனேவுக்கு வேலைக்குப் போன அன்று ஜங்ஷனில் எடுத்தது. ஜன்னலில் சிரித்துக்கொண்டே கையசைத்தாய், அதைத்தான் எடுக்க நினைத்தேன். ரயில் நகர்ந்த பிறகுதான் விழுந்தது. கை உள்ளே போய்விட்டது, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு துப்பட்டாவால் கண்ணைத் துடைக்கிறாய். இத்தனை வருடம் உன்னிடம் காட்டவில்லை. "யார் இது?" என்று பேத்தி கேட்டால் நீயே சொல்.

அன்புடன்,
அம்மா