கரைக்கு முன் படுகையைக் காக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நீலகிரியில் மழைக்கு முன்பாக ஓடைகளைத் தூர்வாரி, இரு கரையிலும் தடுப்புச்சுவர் கட்டப்போவதாக உங்கள் நாளிதழில் படித்தேன். அக்கறையோடு எடுத்த முடிவுதான். ஆனால் சமவெளி வாய்க்காலைத் தூர்வாருவது போல மலை ஓடையைத் தூர்வாரினால் கட்டிய சுவரே நிற்காது.

எங்கள் ஊர் ஓடையில் அதுதான் நடந்தது. பொக்லைனை இறக்கி, படுகையில் கிடந்த பாறாங்கற்களைக் கிளப்பி உடைத்து, அந்தக் கல்லிலேயே சுவர் கட்டினார்கள். அடுத்த பெருமழையில் சுவர் அப்படியே கவிழ்ந்துவிட்டது. சுவரில் விரிசல் ஏதுமில்லை. அஸ்திவாரத்துக்குக் கீழே ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு மண் போயிருந்தது.

செங்குத்தான ஓடையில் பெரிய கற்கள் குறுக்கே ஒன்றோடொன்று இறுகிப் படியாக நிற்கும். கீழே ஒரு மடு, அப்புறம் அடுத்த படி. தண்ணீர் படிக்குப் படி விழுந்து, மடுவில் சுழன்று வேகம் தணியும். கல்லை எடுத்துவிட்டால் அந்த வேகமெல்லாம் மண்ணைத்தான் அறுக்கும். படுகை தாழும், தாழ்ந்த இடம் மழைக்கு மழை ஓடையின் மேற்பகுதியை நோக்கி ஏறும், அடிமண் போனபின் சாலையும் தேயிலைச் சரிவும் இறங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படியொரு மழையைத் தாங்க வேண்டிய ஓடைகள் இவை.

கற்படிகள் ஏற்கெனவே போய்விட்ட இடங்களில் தாழ்வான தடுப்பணைகளை வரிசையாகக் கட்டலாம். மேலே உள்ள அணையின் அடிமட்டமும் கீழே உள்ளதன் உச்சிமட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். உச்சியின் நடுப்பகுதி தாழ்ந்திருந்தால் வெள்ளம் கரையைத் தொடாமல் நடுவில் போகும். இரு முனைகளும் கரைக்குள் ஆழப் புதைய வேண்டும், நீர் விழும் இடத்தில் பெருங்கல் பாவ வேண்டும். கம்பிவலைக் கல்கட்டு சிறு ஓடைகளுக்குச் சரி. பெரிய ஓடையில் உருண்டு வரும் பாறை கம்பியை அறுத்துவிடும்.

அணைக்குப் பின்னால் மண் நிரம்பினால் ‘வீணாகிவிட்டது’ என்கிறார்கள். நிரம்பத்தான் வேண்டும். நிரம்பிய மண்தான் ஓடையின் சரிவைக் குறைத்து, இருபக்க மலையின் அடிக்கும் முட்டுக் கொடுக்கிறது.

ஜப்பானில் 1858 நிலநடுக்கத்தில் தொன்பி மலை சரிந்து ஜோகன்ஜி ஆற்றை அடைத்தது. அடைப்பு உடைந்து தொயாமா சமவெளியைப் பெருவெள்ளம் தாக்கியது. ஆற்றின் மேற்பகுதியில் தடுப்பணை வேலையை மாகாண அரசு 1906இல் தொடங்கியது, 1926இல் மத்திய அரசு ஏற்றது. 63 மீட்டர் உயர ஷிராஇவா அணை 1939இல் முடிந்தது. வேலை இன்றும் நடக்கிறது. மலை ஆற்றை ஒரே ஆண்டுத் திட்டத்தில் யாராலும் அடக்க முடியவில்லை. 2024இல் வயநாட்டில் மலையே இறங்கி வந்தது போன்ற பேரிடரைச் சிறு தடுப்பணைகள் நிறுத்தாது என்பதும் உண்மை. அங்கே ஆற்றோரத்தில் வீடு கட்டாமல் இருப்பதே காப்பு.

மாவட்ட நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள்: சிறுபாலங்களை அடைக்கும் கல், மரத்தை மட்டும் அகற்றுங்கள். மற்ற இடங்களில் படுகைப் பாறைகளைத் தொடக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒவ்வொரு தடுப்பணையின் அடியையும் பார்த்து, அரித்த இடத்தில் கல் நிரப்ப ஆண்டுதோறும் பணம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர், கோத்தகிரி