சட்டியும் அகப்பையும்

டர்பன்,
பிப்ரவரிக் கடைசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம், எனக்கு முழங்கால் வலி, பட்டறையில் ஒரு பையன் சொல்லாமல் நின்றுவிட்டான். மூன்றும் ஒன்றாய் வந்தால் எழுத உட்கார முடியுமா? வெயில் வேறு இன்னும் இறங்கவில்லை. தைப்பூசத்துக்கு உம்பிலோ கோயிலுக்குப் போயிருந்தோம். தமிழ் எழுத்துத் தெரியாத பையன்கள் காவடிப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார்கள். ழகரம் கொஞ்சம் இடறியது, மற்றபடி தாளம் தப்பவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஜோஹானஸ்பர்க்கில் யாரோ தன் காரிலிருந்து கழற்றிய டிரை சம்ப் செட், அதாவது எண்ணெயை இன்ஜினுக்கு அடியில் விடாமல் தனி டேங்கில் வைக்கிற ஏற்பாடு, விலைக்கு வருகிறது, உன் டொயோட்டா ரன்எக்ஸ் காருக்குப் போடலாமா என்று கேட்டிருந்தாய். பம்ப், டேங்க், கூலர், ஹோஸ் எல்லாம் சேர்த்து அவன் சொல்லும் விலை உன் கார் விலையில் பாதி. வேண்டாம் என்பதுதான் என் பதில். ஒற்றை வார்த்தையில் சொன்னால் கேட்கிற ஆளா நீ? அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோயம்புத்தூரில் படிக்கும்போது ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோமே, அந்தப் பழைய புல்லட், ஞாபகம் இருக்கிறதா? நாம் அப்போதே டிரை சம்ப் ஓட்டியவர்கள். இரும்பு இன்ஜின் புல்லட்டில் எண்ணெய், பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் தண்டுக்கு அடியில் கிடக்காது, அதே கூட்டில் தனி அறையில் இருக்கும். ஒரு பம்ப் அங்கிருந்து இன்ஜினுக்கு அனுப்பும். அதைவிடப் பெரிய இன்னொன்று கீழே வடிந்ததை உறிஞ்சித் திரும்ப அறைக்கே தள்ளும். உன் ஆள் விற்கிற பெல்ட் பம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது, உறிஞ்சுகிற பகுதிகள் மட்டும் இரண்டு மூன்று இருக்கும்.

ஒரு லீவு முடிந்து வந்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் எண்ணெயே இல்லை. நீ அவசரப்பட்டு ஒரு லிட்டர் ஊற்றினாய். எண்ணெய் எங்கும் போகவில்லை. நிறுத்தி வைத்த நாட்களில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருந்தது. உதைத்து ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் குழாயில் பீறிட்டு, பின்னால் நின்ற வாத்தியாரின் வெள்ளை வேட்டியில் அடித்தது. அதற்கப்புறம் அவர் நமக்குப் போட்ட இன்டர்னல் மார்க்கையும் மறந்திருக்க மாட்டாய். காரில் போட்டாலும் இதே கதைதான். இன்ஜின் ஓடிச் சூடேறிய பிறகுதான் டேங்கில் அளவு பார்க்க வேண்டும்.

டிரை சம்ப் எதற்கு என்பதை எனக்குச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு ஆயா. அவர்கள் குடும்பம் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்து நாலு தலைமுறை ஆகிறது. டிரை சம்ப் என்பதைக் காய்ந்த சட்டி என்று தமிழில் சொன்னேன். “காய்ந்த சட்டி என்றால் எண்ணெய் இல்லாமலா ஓடும்?” என்று கேட்டார். வேலியோரம் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கேட்டுவிட்டு, “சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதேதான் மாப்ளே. சாதாரண இன்ஜினின் அடியில் எண்ணெய் தேங்குகிற பாத்திரத்தை நம் ஊர் மெக்கானிக்குகள் சேம்பர் என்கிறார்களே, அது சட்டி. உள்ளே எண்ணெயை உறிஞ்சும் குழாய் அகப்பை. வளைவில் பக்கவாட்டு விசை 1 ஜி, அதாவது எடைக்குச் சமமாக, வந்தால் எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். தெருமுனைத் திருப்பத்தில் இது பெரிதல்ல, எண்ணெய் உடனே திரும்பி வந்துவிடும். டிராக்கில் மூன்று நான்கு நொடி நீள்கிற வளைவில் எண்ணெய் சுவரோரம் ஏறி நிற்கும், அகப்பை காற்றைக் குடிக்கும். 6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்கு 100 சுற்று. இரண்டு நொடி எண்ணெய் வராவிட்டால் 200 சுற்று வறட்டு ஓட்டம்.

என் சிட்டி கோல்ஃப் கார் அப்படித்தான் போனது. போர்ட் ஷெப்ஸ்டன் பக்கத்து டிராக்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வளைவில் மட்டும் ஆயில் பிரஷர் கேஜ் முள் 60 பிஎஸ்ஐயிலிருந்து 20க்கு விழும், நேர் பாதைக்கு வந்ததும் ஏறிவிடும். ஏறிவிடுகிறதே என்று மதியம் வரை ஓட்டினேன். டேஷ்போர்டுச் சிவப்பு விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. அது பிரஷர் கிட்டத்தட்டச் செத்த பிறகு எரிகிற விளக்கு. வீட்டுக்கு வந்து ஃபில்டரை அறுத்து, மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பிடித்தேன். சரிகைப் புடவையை உதறின மாதிரி உலோகத் தூள் மினுமினுத்தது. சேம்பரை இறக்கினால் மூன்றாவது ராடு மெட்டலில், அதாவது கிராங்கைப் பிடிக்கிற பேரிங்கில், சாம்பல் பூச்சு முழுக்கப் போய், அடியில் செம்பு நிறம் தெரிந்தது. கிராங்கை லேத்துக்கு அனுப்பிவிட்டு மூன்று மாதம் பஸ்ஸில் போனேன்.

இப்போது உன் காருக்கு வருவோம். உன் 1.8 லிட்டர் டொயோட்டா இன்ஜின்தான் லோட்டஸ் ஸ்போர்ட்ஸ் கார்களான எலீஸிலும் எக்ஸீஜிலும் இருந்தது. வரியில்லாத ஸ்லிக் டயர் போட்டு டிராக்கில் ஓட்டியவர்களுக்கு அதில் எண்ணெய்ப் பஞ்சம் பழைய கதை. நீ பயப்படுவது நியாயம்தான், வைத்தியம்தான் பெரிதாக இருக்கிறது. முதலில் தடுப்புத் தகடும் ஒருபக்கம் மட்டும் திறக்கிற சின்னக் கதவுகளும் வைத்த சேம்பர் போடு. எண்ணெய் குழாயை நோக்கி ஓடிவரும், திரும்பி ஓட முடியாது. சரியான பிரஷர் கேஜ் ஒன்றும், 20க்குக் கீழே போனால் கண்ணில் அடிக்கிற விளக்கு ஒன்றும் வை. டிராக் நாளில் எண்ணெயை மேல் கோட்டில் வை. அதற்கப்புறமும் முள் ஆடினால் அக்யூசம்ப் போடலாம். உள்ளே பிஸ்டன் வைத்த சிலிண்டர் அது. பிரஷர் இருக்கும்போது எண்ணெயைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இறங்கும்போது காற்றழுத்தத்தால் உள்ளே தள்ளும். எல்லாம் சேர்ந்தாலும் அந்த செட்டின் விலையைவிடக் குறைவாகத்தான் வரும்.

பவர் கூடும் என்றும் எழுதியிருந்தாய். கூடும், பொய்யில்லை. கிராங்க் எண்ணெயைக் கடையாமல் சுற்றும், கிராங்க்கேஸில் வெற்றிடம் உண்டாவதால் பிஸ்டன் ரிங் நன்றாகப் பிடிக்கும். ஆனால் உன் இன்ஜினுக்கு அது சில குதிரைகள்தான். நீ இருக்கும் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரம். டர்போ இல்லாத காரில் ஆறில் ஒரு பங்கு பவரை அந்தக் காற்றே தின்றுவிடும். பவர்தான் வேண்டுமென்றால் டர்பனுக்குக் குடி வந்துவிடு.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஆறாவது கியர் என்று நினைத்து நாலாவதில் தள்ளினால் உன் இன்ஜினில் ஆயில் பம்ப் பல்சக்கரமே உடைவதுண்டு. வெளியே இருக்கும் டிரை சம்ப் பம்ப் அந்தத் தொல்லையையும் தீர்க்கும். ஆனால் அதற்கு நல்ல எஃகில் கடைந்த பல்சக்கரம் தனியாகவே கிடைக்கிறதே.

போர்ஷேகாரனையே பார். 1964இலிருந்து 911 காருக்குத் தனி டேங்க் வைத்தான். 1997இல் தண்ணீர்க் குளிர்ச்சி இன்ஜின் வந்தபோது சாதாரண கரேராவுக்கு எண்ணெயை இன்ஜினுக்குள்ளேயே வைத்துவிட்டு, வேக மாடல்களான ஜிடி3க்கும் டர்போவுக்கும் மட்டும் தனி டேங்கை விட்டுவைத்தான். நீ வருஷத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமை கியாலமி டிராக்குக்குப் போகிறாய், மற்ற நாளெல்லாம் அதே காரில் மார்க்கெட் போகிறாய். ஸ்லிக் டயர் போட்டு, பின்னால் பெரிய விங் வைத்து, ரேஸுக்கென்றே ஓட்டுகிற நாள் வந்தால் நானே போட்டுத் தருகிறேன்.

அப்போதும் இந்தப் பழைய செட் வேண்டாம். அவன் ஏன் கழற்றினான் என்று கேட்டாயா? போன வருஷம் ஒருத்தர் இப்படித்தான் வாங்கிவந்தார். பழைய இன்ஜின் மெட்டல் போய் நின்றது என்பதை விற்றவன் சொல்லவில்லை. டேங்கைக் கழுவினோம், ஹோஸை மாற்றினோம். கூலரை மட்டும் அவர் பெட்ரோலில் அலசி ஊதிப் போட்டால் போதும் என்றார். நானும் சரி என்றேன். அது என் தப்பு. கூலரின் மெல்லிய குழாய்களுக்குள் ஒட்டியிருந்த துகளெல்லாம் சூடேறியதும் கிளம்பி வந்தது. புது இன்ஜின் ஒன்பது நாள்கூட ஓடவில்லை. அன்றிலிருந்து மெட்டல் போன வண்டியின் கூலரை நான் குப்பையில்தான் போடுகிறேன்.

ஈஸ்டருக்கு அங்கே வருகிறோம். அதற்குள் எண்ணெய் மாற்றினால் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாதே, எடுத்து வை. கட்டரோடு வருகிறேன், சேர்ந்தே அறுத்துப் பார்ப்போம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அப்புறம் இன்னொன்று. அந்த டேங்கை மட்டும் தனியாகக் கொடுப்பானா என்று சும்மா விசாரித்து வை. கோல்ஃபை மலையேற்றப் பந்தயத்துக்குத் தயார் பண்ணலாம் என்று ஒரு யோசனை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

உன்,
அதே பழைய மச்சான்