வாய்க்கால் திரும்பக் கிடைத்தது: ஊர் மக்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

நம் பெரிய ஏரியின் வரத்து வாய்க்கால் மேல் மனை போட இருந்த நிறுவனம், வரைபடத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டது. வாய்க்காலை அளந்து எல்லைக்கல்லும் நட்டாயிற்று. இதற்காக அலைந்தவர்களைக் கூப்பிட்டு மேடையில் சால்வை போர்த்தலாம் என்றோம், ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே இந்த மடல்.

முதலில் ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஐயா. விற்பனை நோட்டீஸில் ‘30 அடி சாலை’ என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து, “இது ரோடு இல்ல தம்பி, வாய்க்கால்” என்றவர் அவர்தான். நிலத்தின் அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடமான புலப்படத்தில் இரட்டைக் கோடாக வளைந்து போகும் வாய்க்காலைக் காட்டினார். ஒவ்வொரு நிலமும் என்ன வகை என்று எழுதியிருக்கும் ‘அ’ பதிவேட்டில் அதே சர்வே எண்ணுக்கு நேரே வாய்க்கால் புறம்போக்கு, அதாவது அரசு நிலம் என்று இருந்ததையும் எடுத்துக் காட்டினார். பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் தாண்டி எதையும் பார்த்திராத எங்களுக்கு அன்றுதான் கண் திறந்தது.

ஏரித் தண்ணீரைத் திறந்து வயல்களுக்குப் பங்கிடும் நீர்க்கட்டியாக இருந்த பெரியவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முழங்கால் வலியோடு சீமைக்கருவேலத்துக்குள் எங்களுக்கு முன்னால் நடந்தார். மண் மூடிக் கிடந்த பழைய கல்பாலத்தைத் தடியால் தட்டிக் காட்டினார். பிறகு ஏரி நிறைந்ததும் உபரித் தண்ணீர் வழிந்து போகும் கலங்கலுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு முழ அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்திருந்தார்கள். ஏரி நிறைந்தால் தாழ்வான மனைகளில் தண்ணீர் நிற்கும் அல்லவா? கலங்கலை உடைத்து ஏரியை நிரம்பவே விடாமல் செய்தால் வேலை முடிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் புறநகர்களில் நெஞ்சளவு தண்ணீர் நின்றதைப் பார்த்த பிறகும் இப்படிச் செய்யத் துணிகிறார்கள்.

மகளிர் குழு அக்காமார் இல்லாவிட்டால் கிராம சபையே நடந்திருக்காது. பத்தாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஊராட்சியில் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். மார்ச் 22, தண்ணீர் தினக் கூட்டம், சுள்ளென்ற வெயில், மதியம் வரை பாதி நாற்காலி காலி. தெருத் தெருவாகப் போய் ஆட்களை அழைத்து வந்தார்கள். வாய்க்காலை மீட்கும் தீர்மானத்தை வாசித்ததும் பதிவேட்டில் ஏற்றும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “எழுதி, படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போறோம்” என்று முன்வரிசையில் உட்கார்ந்துகொண்ட அம்மாவை ஊரே இன்னும் பேசுகிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதித் தந்த வழக்கறிஞருக்கும், நகல் எடுத்த காசைக்கூட வாங்காத ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், கட்சி பார்க்காமல் கையெழுத்துப் போட்ட வார்டு உறுப்பினர்களுக்கும், வெயிலில் நின்று அளந்த சர்வேயருக்கும் நன்றி. முன்பணம் கட்டியிருந்தும் எங்கள் பக்கம் நின்ற குடும்பங்களுக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. வரைபடத்தை மாற்றிக்கொண்ட நிறுவனத்துக்கும் ஒரு நன்றி உண்டு. முறுக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருந்தால் வருடக்கணக்கில் இழுத்திருக்கும்.

வீடே கட்டக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நம்மில் பாதிப்பேர் மனை வாங்கிக் குடிவந்தவர்கள்தானே. எங்கே கட்டலாம், தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதில் இங்கே குடியிருப்பவர்களுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெரிய மனைப்பிரிவில் 10 விழுக்காடு இடத்தைப் பூங்காவுக்கென்று ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்த இடங்களுக்கு வேலி போடாவிட்டால் அதுவும் ஒருநாள் மனையாகிவிடும். ஊராட்சித் தலைவர் இதை மறக்கக்கூடாது.

லாரித் தண்ணீர் விவகாரம் அப்படியே இருக்கிறது. 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது, நம் ஊரிலிருந்து லாரியில் போனது. வயல் கிணறுகள் அந்த வருடம் இறங்கிய ஆழத்தை விவசாயிகளிடம் கேளுங்கள். ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப்போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. சேர்த்துவிட்டால் கிராம சபை இருக்காது. வார்டு குழு, பகுதி சபை என்று வேறு வழியில்தான் கேட்க வேண்டியிருக்கும்.

கலங்கலை ஐப்பசி மழைக்கு முன் கட்டியாக வேண்டும். வசூலித்த பணத்தில் மீதி இருக்கிறது, வரவு செலவுக் கணக்கை ஊராட்சி நூலகத்தில் ஒட்டியிருக்கிறோம், யாரும் வந்து பார்க்கலாம். மண்வெட்டி உள்ளவர்கள் ஞாயிறு காலை ஏரிக்கரைக்கு வாருங்கள். டீ எங்கள் செலவு.

நன்றியுடன்,
ஏரிக்கரைத் தெரு மக்கள்