வயிறில்லாத தவசிப்பிள்ளையின் நன்றி

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் கல்யாணச் சமையல் செய்கிறவன் நான். போன ஆவணியோடு ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. புற்றுநோய் என்று இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். "வயிறில்லாம எப்படி அண்ணாச்சி சாப்பிடுதீங்க?" என்று கேட்காத ஆளில்லை. என்னைச் சாப்பிட வைத்தவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் மெடிக்கல் ஷாப் தம்பி. மாசக்கணக்கில் கேஸ் என்று சொல்லி அவனிடம் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் "இனிமே தர மாட்டேன், போய் எண்டோஸ்கோப்பி எடுங்க" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

டாக்டர்களுக்கும், காப்பீட்டு அட்டையோடு கவுண்டர் கவுண்டராக அலைந்த மச்சினனுக்கும், ரத்தம் கொடுத்த காலேஜ் பையன்களுக்கும் என் கும்பிடு.

டயட்டீஷியன் மேடம் அச்சடித்த தாளை நீட்டவில்லை. "என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்றார். சொதி என்றேன், எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு. சிரித்தார். கெட்டிப் பால் வேண்டாம், கொழுப்பு தாங்காமல் வயிற்றால் போகும். மூன்றாம் பாலில் பாசிப்பருப்பைக் குழைய விட்டுச் சின்னக் கிண்ணத்தில் சாப்பிடுங்கள் என்றார். ஒரு நாளைக்கு ஏழு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். இனிப்பைத் தொடக் கூடாது.

தொட்டேன். வள்ளியூரில் ஒரு கல்யாணம், அரை டம்ளர் பாயசம். கால் மணிகூட ஆகவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்து, சட்டை பிழிகிற மாதிரி வியர்த்து, அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டேன். தங்க இடமில்லாமல் இனிப்பு நேரே குடலில் இறங்கி, உடம்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளுமாம். அன்றைக்கு விசிறிவிட்ட பையன்தான் இப்போது எனக்குப் பதில் பாயசம் ருசி பார்க்கிறான். ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாகப் போடுகிறான், அது வேறு கதை.

என் கூட்டத்து ஆட்கள் என்னை அண்டா தூக்க விடுவதில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்கிறார்கள். பந்தி மும்முரத்தில் "அண்ணாச்சி, ஸ்டோர் ரூம்ல கணக்கு பாக்கணும்" என்று ஒரு குரல் வரும். உள்ளே போனால் கணக்கு இருக்காது. மூடிவைத்த தட்டில் ஒரு இட்லி இருக்கும். அதை மென்று முடிக்க எனக்கு இருபது நிமிஷம். சொந்தக்காரர்கள் எதிரே உட்கார்ந்து "இன்னும் ஒரு வாய்" என்று என் வாயையே பார்ப்பார்கள். இவர்கள் ஒருவர்கூட எட்டிப் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததற்குத் தனியாக ஒரு நன்றி.

இரைப்பை போனபின் பி12 சத்து சாப்பாட்டிலிருந்து ஏறாது, ஆயுசுக்கும் ஊசிதான். எங்கள் தெரு நர்சம்மா காலண்டரில் குறித்துவைத்து மாதாமாதம் வந்து போட்டுவிட்டுப் போகிறார். காசு என்றால் முறைக்கிறார்.

அப்புறம் வீட்டுக்காரி. நேராகப் படுத்தால் பித்தநீர் தொண்டைக்கு ஏறுகிறது என்று கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தவள் அவள். இரண்டு வருஷமாக அவளும் அதே சரிவில்தான் படுக்கிறாள். விடியும்போது சறுக்கிக் கால்மாட்டில் கிடப்பாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

71 கிலோ இருந்தவன் 54க்கு இறங்கி, இப்போது 57. தை மாத முகூர்த்தங்களுக்கு ஆட்கள் தயார். மறுவீட்டுச் சொதி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நல்ல தேங்காயாகப் பார்த்து வாங்க வேண்டும்.