செய்யாத சோதனைக்கு எங்கள் பிள்ளைகள் எழுதிய 9.8

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியின் அப்பா எழுதுகிறேன். போன வாரம் வந்த சுற்றறிக்கையைப் பற்றித்தான். அதை நான் விளக்க வேண்டியதில்லை, ஆய்வக வகுப்புகளையும் அறிவியல் மன்ற நேரத்தையும் "மறு அறிவிப்பு வரும்வரை" திருப்புதல் தேர்வுகளுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்ன அதே தாள். அதன் கடைசி வரியில், எல்லாச் சோதனைகளும் எழுதி முடித்த ரெக்கார்டு நோட்டை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் இருந்தது. ஆய்வகத்துக்குப் போக நேரம் கிடையாது, ஆனால் ஆய்வகத்தில் செய்ததற்கான ரெக்கார்டு மட்டும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும்போது யாருக்கும் உறுத்தவில்லையா ஐயா?

புதன்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் என் மகள் தனி ஊசல் சோதனையை, அதாவது நூலில் கட்டிய குண்டை ஆட்டிவிட்டு நேரம் பார்க்கும் சோதனையை, எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன், அதில் முந்தைய ஆண்டு மாணவர் ஒருவருடைய ரெக்கார்டின் படம். வகுப்புக் குழுவில் எல்லோருக்கும் அதே படம்தான் வந்திருக்கிறது. நூலின் நீளம், இருபது அலைவுகளுக்கான நேரம், முதல் முறை, இரண்டாம் முறை, சராசரி என்று அட்டவணையை அழகாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நிரப்பினாள். கடைசியில் புவியீர்ப்பு முடுக்கம், புத்தகத்தில் இருக்கிறபடியே, 9.8 என்று எழுதி அதைச் சுற்றி ஒரு கட்டமும் போட்டாள். "முதல் முறையும் இரண்டாம் முறையும் ஒரே நேரம் வரக்கூடாதாம்பா, கொஞ்சம் மாத்தி எழுதணுமாம்" என்று சொல்லிவிட்டு ஒரு எண்ணை அழித்து 0.2 கூட்டி எழுதினாள். எனக்கு அந்த இடத்தில் மனசு விட்டுப்போயிற்று. பதினாறு வயதுப் பிள்ளைக்கு, பொய்யை உண்மை போலத் தெரிய வைக்க எங்கே எவ்வளவு மாற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அதை அவளாகக் கற்றுக்கொள்ளவில்லை.

"ஊசலை நீ ஆட்டிப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். சரி, எழுந்திரு என்று சொல்லிவிட்டு, கதவு நிலையின் மேல்சட்டத்தில் இருந்த ஆணியில் ஒரு நூலைக் கட்டி, அதன் முனையில் பெட்டிக்குப் போடும் பழைய பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டோம். நாடாவை வைத்து அவளே அளந்து நூலைச் சரியாக ஒரு மீட்டராக்கினாள். லேசாக இழுத்துவிட்டு, போனில் நேரம் பார்த்து, இருபது அலைவுகள் எண்ணினாள். நடுவில் ஒருமுறை எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்தாள். 40.4 விநாடி, 40.7, 40.5. சராசரி எடுத்துக் கணக்குப் போட்டால் 9.61 வந்தது.

முகம் வாடிவிட்டது. "தப்பா வந்திருக்குப்பா" என்றாள். அப்புறம் அரை மணி நேரம் அந்தப் பூட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். நேரம் பார்த்ததில் பிழையா, அதிகமாக இழுத்துவிட்டோமா, காற்றா? திடீரென்று நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினாள். நூலை முடிச்சு வரைக்கும்தான் அளந்திருக்கிறாள். பூட்டின் கனம் நிற்கும் நடுப்பகுதி அதற்குக் கீழே கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. நீளத்தை 1.02 என்று போட்டதும் விடை 9.8-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. "குண்டின் மையம் வரை அளக்க வேண்டும்" என்ற வரி அவள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அதை அவள் மனப்பாடமாகவே ஒப்பிப்பாள், ஆனால் அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்பது அன்று இரவு பதினொன்றரை மணிக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. படுக்கப் போகும் முன் பூட்டோடு சாவிக்கொத்தையும் சேர்த்துக் கட்டி, கனம் கூடினாலும் நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறதே என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். நூலை கால் மீட்டராகக் குறைத்தால் நேரம் பாதியாகும் என்று நாளைக்குப் பார்க்க வேண்டுமாம்.

ஐயா, இது ஒரு நூலும் ஒரு பூட்டும் செய்த வேலை. உங்கள் ஆய்வகத்தில் இதைவிட எவ்வளவோ இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். பெற்றோர் தினத்தன்று ஆய்வகத்தைத் திறந்து காட்டினீர்கள். அலமாரியில் மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டர்கள் வரிசையாக இருந்தன, சிலவற்றில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. பிள்ளைகள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள், படம் எடுத்தார்கள், அந்தப் படம் இப்போது பள்ளியின் சேர்க்கை விளம்பரத்திலும் இருக்கிறது. அந்தப் பியூரெட்டின் குழாயைத் திறந்து ஒரு சொட்டு விடக்கூட அன்று யாரையும் அனுமதிக்கவில்லை என்று மகள் சொன்னாள். நிறமில்லாத கரைசல் ஒரே ஒரு சொட்டில் இளஞ்சிவப்பாக மாறும் என்று எழுதத் தெரிந்த இவர்களில் எத்தனை பேர் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்? கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியின் சுழிப்பிழையைக் கணக்கில் சரியாகத் திருத்தும் பிள்ளைக்கு, அதைத் திருகும் ராட்செட் என்ற தலைப்பகுதி எந்த முனையில் இருக்கிறது, கம்பியைப் பிடித்ததும் அது எப்படி 'கிளிக்' என்று சத்தம் போடும் என்று தெரியாது. இதே பிள்ளைகள்தான் செய்முறைத் தேர்வன்று அதைக் கையில் வாங்கி நடுங்கப்போகிறார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். செய்முறை வகுப்புகளைத் திருப்பிக் கொடுங்கள்.

நேரம் இல்லை, பாடம் முடிக்க வேண்டும், முடிவுகள் வந்தால் முதலில் கேள்வி கேட்பதே பெற்றோர்தான் என்பீர்கள். அதுவும் உண்மை. ஆசிரியர்கள் மேல் எனக்கு வருத்தமே கிடையாது, நாற்பத்தைந்து பேர் கொண்ட வகுப்பை ஒரே ஓர் ஆய்வக உதவியாளரை வைத்துக்கொண்டு சமாளிப்பவர்கள் அவர்கள். ஆனால் தவறான விடையைப் பார்த்துப் பயப்படப் பழக்கிவிட்டு அறிவியல் கற்றுக்கொடுத்தோம் என்று எப்படிச் சொல்வது? 1672-இல் ழான் ரிஷே என்ற வானியலாளர் தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டை ஒட்டிய கயேன் என்ற ஊருக்குப் போனபோது, பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அவர் கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தார். பூமி நிலநடுக்கோட்டுப் பகுதியில் புடைத்து, துருவங்களில் தட்டையாக இருக்கிறது என்று நியூட்டன் வாதிட்டபோது அந்தப் பதிவும் அவருக்குச் சான்றாக நின்றது. பாரிஸ் அளவையே படியெடுத்து எழுதியிருந்தால் ரிஷேவின் ரெக்கார்டு நோட்டும் சுத்தமாகத்தான் இருந்திருக்கும்.

ஆய்வகம் மட்டும் என்றால்கூட இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நூலக நேரம் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. விளையாட்டு நேரத்தைக் கணக்குக்கும் வேதியியலுக்கும் மாறி மாறிக் கடன் வாங்குகிறார்கள், திருப்பித் தருவதில்லை. ஐந்து முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாடும் உடலியக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, எங்கள் பிள்ளைகளுக்கு வாரத்துக்கே அவ்வளவு கிடைப்பதில்லை. பேச்சுப்போட்டியோ, வினாடிவினாவோ, வெளியூர்ப் போட்டியோ, எது வந்தாலும் அதே நான்கு பேரைத்தான் அனுப்புகிறீர்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தான், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருமுறைகூட மேடை ஏறாத பிள்ளைக்குப் பேச வருமா வராதா என்று யாருக்குத் தெரியும்? கண்காட்சிக்கு வரும் மாதிரிகளில் பாதி பெற்றோர்கள் இரவு உட்கார்ந்து ஒட்டியவை, அதில் என் கையும் உண்டு. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29-ஆவது பிரிவு, குழந்தையின் ஆளுமையையும் திறமைகளையும் மன, உடல் ஆற்றல்களையும் முழு அளவுக்கு வளர்ப்பதைக் கல்வியின் நோக்கமாகச் சொல்கிறது. நான் சட்டம் பேச வரவில்லை. மதிப்பெண்ணைக் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நாமெல்லோரும் சேர்ந்து நம்பத் தொடங்கிவிட்டோம், அந்த நம்பிக்கையில் நானும் பல வருடம் இருந்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் மன்னியுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். செய்முறை வகுப்புகளைத் திருப்பிக் கொடுங்கள். வாரத்தில் அந்த இரண்டு பாடவேளையை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு சோதனையையும் தன் கையால் ஒருமுறையாவது செய்யட்டும். வருகிற விடை 9.61 என்றால் 9.61 என்றே எழுதட்டும், ஏன் அப்படி வந்தது என்று கீழே இரண்டு வரி எழுதினால் அதற்கு மதிப்பெண் கொடுங்கள். வெள்ளிக்கிழமைக் கெடுவையும் சோதனைகள் முடியும்வரை தள்ளிவையுங்கள்.

என் மகள் புதன்கிழமை எழுதிய அந்தப் பக்கத்தை வியாழக்கிழமை காலையில் அவளாகவே குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் தன்னுடைய மூன்று நேரங்களையும் முதலில் வந்த 9.61-ஐயும், பிறகு நீளத்தைத் திருத்தியதையும் எழுதியிருக்கிறாள். அடித்தல் திருத்தல் இருக்கிறது என்று நோட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டேதான் கொண்டுபோயிருக்கிறாள். தயவுசெய்து அந்தப் பக்கத்தை ஒருமுறை நீங்களே பாருங்கள்.

ஆட்கள் போதவில்லை என்றால் சொல்லுங்கள். இயந்திரப் பட்டறையில் இருபது வருடம் அளவி பிடித்த கை என்னுடையது. சனிக்கிழமை காலைகளில் வந்து, ஆசிரியர் சொல்கிறபடி கருவிகளை எடுத்துக் கொடுக்கவும் கழுவி வைக்கவும் தயாராக இருக்கிறேன். இன்னும் மூன்று பெற்றோர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சனிக்கிழமையிலிருந்து வரலாம் என்று மட்டும் தெரிவியுங்கள்.

நன்றியுடன்,
பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா